பழையபேட்டையில் ஒரு திண்ணை வீடு: ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் பெரியப்பா வீட்டு முன்னால் சாக்கடைக்காகப் பள்ளம் எடுத்தபோது, தெருவுக்கு அடியிலிருந்து இரண்டு கருங்கல் படிகள் வெளியே வந்தன. அந்த வீட்டுக்கு ஒரே ஒரு படிதான் என்று எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "மூணு படிடா. நடுப்படியில உக்காந்துதான் பல்லு விளக்குவேன். எப்ப மறைஞ்சுதுன்னே தெரியல பாரு" என்றார். பள்ளத்தின் பக்கவாட்டைப் பார்த்தால் தார், ஜல்லி, மறுபடி தார், சிமெண்ட், அதன் மேல் இன்னொரு தார் என்று அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டிருக்கிறார்கள். இரண்டு படி முழுங்கும் அளவுக்குத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் வீட்டு வரைபடம் போடுகிற வேலையில் இருக்கிறேன். இந்த வீட்டை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்ற பேச்சு குடும்பத்தில் எழுந்தபோது, கடைசியில் அது என் மேசைக்குத்தான் வந்தது. என்ன நடந்தது, எதைக் காப்பாற்ற முடிந்தது, எது கையை விட்டுப் போனது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே தெருவில், இதே ஊரில், இதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன.

முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிக்கு வருகிறவர்கள் பார்ப்பது பஸ் ஸ்டாண்டு, ரவுண்டானா, பெங்களூரு நெடுஞ்சாலை, மாம்பழ சீசனில் லாரி வரிசை. ஊர் பிறந்த இடம் அது இல்லை. சையத் பாஷா மலை என்று இப்போது சொல்கிற அந்த மொட்டைக் கருங்கல் மலையின் அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறதே பழையபேட்டை, அதுதான் ஊர். மலை மேல் கோட்டை, தர்கா, பாறையில் தேங்கிய சுனைகள். கீழே பேட்டை. கோட்டைக்கு நெல்லும் துணியும் எண்ணெயும் கொடுத்தவர்களும் கோட்டையை நம்பிப் பிழைத்தவர்களும் கீழே இருந்தார்கள். பேட்டை என்ற சொல்லே கோட்டைக்கு வெளியே அமைந்த சந்தை ஊருக்குத்தான். பிறகு வந்த புதுப்பேட்டை, தௌலதாபாத் எல்லாம் இதற்குத் தம்பிகள்.

இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் பாராமகால். பாராமகால் என்றால் பன்னிரண்டு கோட்டை. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல், திருப்பத்தூர், வாணியம்பாடி என்று போகும் அந்தப் பட்டியலில் கிருஷ்ணகிரிதான் பிடிக்கக் கஷ்டமான கோட்டை. விஜயநகரம், ஜெகதேவராயர், பீஜப்பூர், மைசூர், கடப்பை நவாப், ஹைதர் அலி என்று கை மாறி மாறி வந்தது. முதல் மைசூர்ப் போரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சண்டை போட்டு இதைப் பிடிக்கவில்லை. முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு 1768ல் வாங்கியது, 1769 சென்னை உடன்படிக்கையில் மறுபடி ஹைதருக்கே போனது.

எனக்கு முக்கியமாகப் படுவது 1791 நவம்பர் 7 இரவு. பென்னாகரத்தைப் பிடித்துவிட்டு வந்த பிரிட்டிஷ் லெப்டினன்ட் கர்னல் மேக்ஸ்வெல்லின் படை அன்று இரவு ஏணி வைத்துக் கீழே இருந்த பேட்டையைப் பிடித்துவிட்டது. திப்புவின் ஆட்கள் மலைக் கோட்டைக்கு ஓட, பின்னாலேயே துரத்திக்கொண்டு போய் வாசலிலேயே நுழைந்துவிடலாம் என்று பார்த்தார்கள். கதவு நொடியில் சாத்தப்பட்டது. நல்ல நிலா வெளிச்சம். மேலிருந்து பெரிய பெரிய பாறைகளை உருட்டிவிட, ஏணி தூக்கிய ஆட்களும் ஏணிகளும் நசுங்க, இரண்டு மணி நேரத்துக்குமேல் முட்டி மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எல்லாப் புத்தகத்திலும் இதைக் கோட்டையின் பெருமையாகத்தான் எழுதுவார்கள். நான் பழையபேட்டைக்காரன், எனக்கு வேறு மாதிரி தோன்றும். மலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அடி வாங்கியது பேட்டை. கோட்டை நின்றது, குடும்பங்கள் வாழ்ந்த தெருக்களில்தான் படை புகுந்தது. இன்றைக்கும் பாதுகாப்பு என்று பேசினால் எல்லோர் கண்ணும் மலை மேல்தான் போகிறது.

1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனிக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நிர்வாகம் பார்க்க வந்தார், அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் இருந்தார். நிலத்தை அளந்து உழுகிறவன் பெயரிலேயே வரி போடுகிற ரயத்துவாரி முறையின் முதல் அடி இந்த மண்ணில்தான் வைக்கப்பட்டது. பள்ளிக்கூடத்தில் ரயத்துவாரியை மனப்பாடம் செய்திருப்போம், அது நம் ஊர்க் கதை என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

அப்புறம் ரயில். இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம், ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. 1905ல் திருப்பத்தூரிலிருந்து இரண்டரை அடி அகலக் குறுகிய பாதையில் கிருஷ்ணகிரிக்கு ரயில் ஓடியது என்று சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். 1941ல், போர்க் காலத்தில், தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். திரும்ப வரவே இல்லை. அதற்குப் பிறகு ஊரின் உயிர் எல்லாம் ரோட்டுக்குப் போனது. 1965ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டம் ஆனதும் வெளியே நெடுஞ்சாலை ஓரம் நிலத்துக்கு விலை ஏறியது, உள்ளே பேட்டை அப்படியே இருந்தது. அதனால்தான் பழைய வீடுகள் இவ்வளவு நாள் தப்பித்தன என்பது என் எண்ணம். யாரும் காப்பாற்றவில்லை, யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்போது அந்தத் தேவை வந்துவிட்டது.

எங்கள் வீட்டைச் சொல்கிறேன். முகப்பு 23 அடி, ஆழம் 78 அடி. முன்னால் வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை, திண்ணை மேல் நான்கு கருங்கல் தூண். தூணுக்கு மேல் போதிகை என்கிற மரத் தலைக்கட்டை, அதன் மேல் உத்தரம், அதன் மேல் ஓட்டுச் சாய்ப்பு. உள்ளே ரேழி என்கிற நடை, அதைத் தாண்டினால் தொட்டிக்கட்டு, அதாவது வானம் பார்த்த முற்றம், அதன் நான்கு புறமும் கூரை போட்ட தாவாரம், பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் கிணறு. சுவர் இரண்டடிப் பருமன், கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசியது. மே மாசத்தில் ரேழியில் பாய் போட்டால் மின்விசிறி இல்லாமல் தூங்கலாம். பாட்டி அந்த ரேழியில்தான் கடைசி ஆறு மாசம் படுத்திருந்தார்.

திண்ணைதான் இந்தத் தெருவின் உயிர். ஒரு வீட்டுத் திண்ணை முடிகிற இடத்தில் அடுத்த வீட்டுத் திண்ணை தொடங்கும். சின்ன வயசில் தெருமுனையில் ஏறினால் காலைத் தரையில் வைக்காமல் பதினொரு வீடு தாண்டிவிடுவோம், நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் தாவ வேண்டும். தூண்களும் கிட்டத்தட்ட ஒரே உயரம், சாய்ப்பும் ஒரே சாய்வு. தெருவில் நின்று பார்த்தால் ஓட்டு வரிசை நேராகப் போய் மலையில் முட்டும். தெலுங்கு பேசுகிற வீடு, கன்னடம் பேசுகிற வீடு, உருது பேசுகிற வீடு, தமிழ் பேசுகிற வீடு எல்லாம் இந்தப் பக்கம் உண்டு. எங்கள் தெருத் திண்ணையில் எல்லோரும் பேசியது மட்டும் ஒரு கலவைத் தமிழ். மாசி அமாவாசை மயானக்கொள்ளை ஊர்வலம் பார்க்க உறவுக்காரர்கள் வந்தால் வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள், மொத்தக் கூட்டமும் திண்ணையில்தான்.

இதைத்தான் நான் பாரம்பரியம் என்கிறேன். எங்கள் வீட்டில் தனியாக எந்தச் சிற்பமும் இல்லை, எந்த ராஜாவும் தங்கியதில்லை. தனி வீடாகப் பார்த்தால் ஒரு சாதாரண வியாபாரி கட்டிய சாதாரண வீடு. வரிசையில் இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. வரிசையில் ஒன்று போனால் மீதிப் பத்துக்கும் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

பிரச்சினை ஈரத்தில் ஆரம்பித்தது. சுமார் இருபது வருஷம் முன்னால் சுவரின் அடிப்பாகம் உதிர்கிறது என்று நல்ல எண்ணத்தில் நாலடி உயரத்துக்கு சிமெண்ட் பூசினார்கள். அதுதான் வினையானது. மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர் மூச்சு விடும், கீழிருந்து ஏறுகிற ஈரம் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் மேலே ஏறி, சிமெண்ட் முடிகிற நாலடிக்கு மேல் உப்புப் பூத்து, பழைய காரை பொரிப்பொரியாக விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு அடுத்து ஆறடிக்கு சிமெண்ட் பூசினார்கள். ஈரம் ஆறடிக்கு ஏறியது. இன்னொரு பக்கம் தெரு உயர்ந்துகொண்டே வர, மழைத் தண்ணீர் வெளியே போகாமல் திண்ணைக்கு அடியில் இறங்கியது. தொட்டிக்கட்டில் விழுகிற தண்ணீர் வெளியே போகிற கல் தூம்பு, அதாவது கல் குழாய், தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் அதுவும் அடைத்துக்கொண்டது. உத்தரத்தின் சுவருக்குள் இருக்கிற நுனி இற்றுப்போனது. வந்து பார்த்த இன்ஜினியர் ஒருவர் பத்து நிமிஷத்தில் "இடிச்சிடுங்க சார்" என்றார். வீடு வயசாகிப் போய்விட்டது என்பது அவர் கணக்கு. ரோடும் சிமெண்டும் செய்த வேலை இது என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது, அதற்கும் நிறையப் பள்ளம் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

குடும்பத்தில் நாலு பங்கு. பெரியப்பா, இரண்டு அத்தைகள், இல்லாத என் அப்பாவின் பங்கு. பெரியப்பா மகன் அண்ணன் ஓசூரில் வேலை, அவர் மூன்று மாடி கட்டிக் கீழே இரண்டு கடை விடலாம் என்றார். நான் திண்ணை, தூண் என்று பேச ஆரம்பித்ததும் பெரியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன, நீ படம் வரைஞ்சு வச்சுக்குவ. மழை வந்தா ஒழுகுற இடத்துல குண்டான் வக்கிறது நான், ராத்திரி எழுந்து பின்கட்டுக்குப் போயிட்டு வர்றது நான்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. பாரம்பரியம் பேசுகிற எங்களைப் போன்றவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அறுபத்தெட்டு வயசுப் பெண்மணிக்குப் படுக்கையறை ஒட்டிக் கழிப்பறை இல்லாத வீட்டைக் காப்பாற்றச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அன்றைக்குத்தான் என் வரைபடம் மாறியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தோம். மலைக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, புதுக் கட்டடம் கூடாது, அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010 சட்டத் திருத்தம் இதை உறுதிப்படுத்தியது. பேட்டையில் இடம் வாங்குகிற பாதிப் பேருக்கு இது தெரியாது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு தெரிந்து தலையில் கை வைக்கிறார்கள். மலையடிவாரத்தில் வீடோ மனையோ வாங்குகிறவர்கள் முதலில் டவுன் சர்வே வரைபடத்தை எடுத்து, கோட்டை எல்லையிலிருந்து தூரத்தை அளந்து எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீடு இரண்டாவது வளையத்தில் வந்ததால் விண்ணப்பித்துக் காத்திருந்து அனுமதி வாங்கினோம்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்தச் சட்டம் கோட்டைக்காகப் போட்டது. நம் வீடு எவ்வளவு உயரம் போகலாம், கோட்டையை மறைக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். நம் வீட்டுத் திண்ணை இருக்கிறதா போகிறதா என்று அது கேட்காது. அனுமதி வாங்கி, உயரத்துக்குக் கட்டுப்பட்டு, தெருவின் முகத்தையே அழித்துவிடலாம், எல்லாம் சட்டப்படி சரியாக இருக்கும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அப்படித்தான் நடந்தது. திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர், மேலே கண்ணாடி, நீலமும் வெள்ளியுமாக அலுமினியத் தகடு. கட்டியவர்கள் நல்லவர்கள், கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது, கடை வாடகை வருகிறது. ஆனால் பதினொரு வீட்டுத் திண்ணைப் பாதை அங்கே அறுந்துபோனது.

இன்னொரு சிக்கல், திண்ணை யாருடையது என்பது. சில வீடுகளில் டவுன் சர்வே கோடு சுவரோடு நின்றுவிடுகிறது, திண்ணை தெருப் புறம்போக்கில் விழுகிறது. நூறு வருஷம் உட்கார்ந்த திண்ணை காகிதத்தில் ஆக்கிரமிப்பு. சாக்கடை கட்டும்போதும் ரோடு அகலப்படுத்தும்போதும் முதலில் கடப்பாரை விழுவது அதன் மேல்தான். எங்கள் வீட்டுக் கோடு நல்லவேளையாகத் தூணுக்கு வெளியே போகிறது. அளவு படம் கையில் இருந்ததால்தான் நிமிர்ந்து பேச முடிந்தது.

கடைசியில் செய்தது இதுதான். முன்னால் 19 அடி, அதாவது திண்ணை, தூண், சாய்ப்பு, ரேழி, தொட்டிக்கட்டின் முன் தாவாரம் வரை வைத்துக்கொண்டோம். அதற்குப் பின்னால் உள்ளதை இறக்கிவிட்டு கான்கிரீட்டில் கீழும் மேலுமாக இரண்டு தளம், கீழே பெரியம்மாவுக்குக் கழிப்பறையோடு அறை. மேல்தளத்தை உள்வாங்கிக் கட்டியதால் தெருவில் நின்றால் ஓட்டுச் சாய்ப்புக்கு மேல் அது தெரியாது. கடை கிடையாது என்றதும் அண்ணனுக்குச் சங்கடம்தான். திண்ணையின் ஒரு பக்கத்து அறையைத் தையல் கடைக்கு வாடகைக்கு விட்டோம், முகப்பில் ஷட்டர் போடாமல் பழைய மரக்கதவோடேயே. வாடகை குறைச்சல்தான். அண்ணன் ஏற்றுக்கொண்டார், முழு மனசோடு என்று சொல்ல மாட்டேன்.

முன்பகுதிச் சுவரிலிருந்த சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். ஒரு மழைக்காலம் முழுக்கப் பூசாமல் காய விட்டோம், தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஏன் வீட்டை உரித்துப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடு. கிடைத்தவர் எழுபதைத் தாண்டியவர். சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப்போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்தார். முதல் நாள் கலவையைக் கரண்டியில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார், விழுந்துவிட்டது. "இன்னும் புளிக்கல, நாலு நாள் கழிச்சு வாங்க தம்பி" என்று கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். நாலு நாள் கழித்துக் கவிழ்த்தபோது கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவரோடு வேலை பார்த்த இரண்டு பையன்களும் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தப்பும் நடந்தது. பின்கட்டை இறக்க வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள், தூணுக்கு முட்டுக் கொடுக்காமல் சாய்ப்பின் ஒரு மூலையைக் கழற்றிவிட்டார்கள். வடக்குத் தூண் சாய்ந்து, விழுந்து, இரண்டாக உடைந்தது. நான் அந்த நேரம் அங்கே இருந்திருக்க வேண்டும், இல்லை. முட்டு முதலில், கழற்றுவது பிறகு என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன். இப்போது நிற்கிற நாலாவது தூண் புதுசு, இந்தப் பக்கத்துக் கல்தான், மெஷினில் அறுத்தது. மற்ற மூன்றிலும் உளி கொத்திய புள்ளிகள் கைக்குத் தட்டுப்படும், இதில் வழவழவென்று இருக்கும். அதிலும் புள்ளி கொத்திப் பழசு மாதிரி ஆக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். உடைந்த தூணின் இரண்டு துண்டும் தொட்டிக்கட்டில் கிடக்கின்றன. பெரியம்மா அதன் மேல் உட்கார்ந்துதான் இப்போது கீரை ஆய்கிறார்.

தெருவை நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. சாக்கடை வேலை முடிந்ததும் அந்த இரண்டு படியை மறுபடி மூடத்தான் வந்தார்கள். வார்டுக்காரரிடம் பேசி, எங்கள் முகப்பில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குக் கல் பாவிய குழியாக விட்டு, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள், செலவு எங்களுடையது. தூம்புத் தண்ணீர் அதில் விழுந்து சாக்கடைக்குப் போகிறது. அந்த ஒன்றுதான் சுவரைக் காப்பாற்றப் போகிறது, சுண்ணாம்பை விட. ரோடு அடுத்த முறை போடும்போது பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள் என்று தெருவில் ஒன்பது வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பழைய தெருவில் வீடு வைத்திருக்கிற யாரும் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான் என்பேன். வண்ணம் அடிப்பது, தூணுக்கு மெருகு போடுவது எல்லாம் அப்புறம்.

சாயங்காலத்தில் எங்கள் திண்ணையில் இப்போது மறுபடி ஆள் உட்காருகிறார்கள். தையல் கடைக்கு வந்து காத்திருக்கிறவர்கள் பாதி, மலையேறி இறங்கி மூச்சு வாங்குகிற பையன்கள் பாதி. பெரியப்பா கம்பிச் சட்டத்தின் வழியாக அந்த நடுப்படியைக் காட்டி யாரிடமாவது பல் விளக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். எதிர் வரிசையில் மூன்றாவது வீடு, எங்களுடையதை விடப் பெரிய திண்ணை, ஆறு தூண், போன வாரம் அந்த வீட்டு மருமகள் வந்து "அண்ணா, எங்க வீட்டையும் ஒரு தடவை வந்து பாருங்க, இடிக்கச் சொல்றாங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போகிறேன், முதலில் படிக்கட்டை எண்ண வேண்டும்.